நான்காம் நிலையத்தில் கதிரை இல்லை

நீல நிற மடக்குக் கதிரையில் ஜசிந்தா இருந்தார். கையில் ஒரு கடதாசிக் கிண்ணம், அதற்குள் பயத்தங்கஞ்சி. தொப்பியின் விளிம்பில் வியர்வை உறைந்து வெள்ளை நூல் போல நின்றது. ஸ்கீ இரண்டையும் கழற்றிப் பக்கத்துப் பனியில் குத்தி வைத்திருந்தார். காலை நெருப்புப் பக்கம் நீட்டி, முழங்காலை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு அகப்பை விடட்டே?" என்று கமலா அக்கா கேட்டார்.

"காணும் அக்கா. நான் ஓடவேணும்."

"ஓடலாம், ஓடலாம். வெறும் வயித்தோட என்னெண்டு ஓடுறது? பிடி பிள்ளை."

அகப்பை சரிந்தது.

என் கையில் தாள் கவ்விய அட்டையும் பென்சிலும் இருந்தன. அந்தக் குளிரில் பேனை எழுதாது. கடிகாரம் ஒன்று பதினாறு காட்டியது. ஜசிந்தாவின் நெஞ்சில் கட்டியிருந்த இலக்கம் 217. வந்த நேரம் 1.04 என்று எழுதியிருந்தேன். புறப்பட்ட நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

கட்டம் நிரம்பட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐம்பது கிலோமீற்றர்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு காடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அந்தக் காட்டுக்குள் ஐம்பது கிலோமீற்றர் தூரம் ஸ்கீயில் போகும் போட்டி நடக்கும். மலையுச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல இது. மெல்லிய நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, இரண்டு கோல்களை ஊன்றி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் சமதரையிலும் தன் பலத்தால் போகவேண்டும்.

சம்பளம் வாங்குபவர் ஒருவரும் அங்கே இல்லை. பாதை வெட்டுபவர், நேரம் பார்ப்பவர், தோடம்பழம் வெட்டுபவர் எல்லோரும் தொண்டர்கள். வழியில் ஐந்து உணவு நிலையங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குழு பொறுப்பெடுக்கும். முப்பத்து மூன்றாவது கிலோமீற்றரில் இருக்கும் நான்காம் நிலையம் எங்களுடையது. நாங்கள் என்றால் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து போகும் ஏழு பேர்.

தவம் அண்ணை பாடசாலை பஸ் ஓட்டுபவர். ஒருமுறை பிள்ளைகளை அந்தக் காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, போட்டியை ஒழுங்குசெய்யும் மார்கிரட் என்ற பெண் அவருடன் கதை கொடுத்திருக்கிறார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நான்காம் நிலையத்துக்கு ஆள் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறார். தவம் அண்ணை ஓம் என்று சொல்லிவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்.

"முப்பது வருசமா ஸ்நோவில இருந்து தப்பப் பாக்கிறம். இப்ப அதுக்குள்ள போய் நிக்கச் சொல்லுறியள்," என்றேன்.

"நிக்கிறதுதானே. ஓடவே சொன்னனான்?" என்றார்.

அவருடைய மனைவிதான் கமலா அக்கா. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். தட்டை வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பல்லில்லாத கிழவர் பாதியைச் சாப்பிட்டிருப்பார். இவர் தட்டை இழுக்கவேண்டும். ஓய்வுபெற்ற பிறகும் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறும்.

போட்டியை நடத்துபவர்கள் எங்களுக்குத் தந்த பட்டியலில் வாழைப்பழம், தோடம்பழம், பிஸ்கற், சூடான இனிப்புத் தண்ணீர் ஆகியவை மட்டுமே இருந்தன. அதைப் பார்த்த கமலா அக்கா, "உது சாப்பாடோ?" என்று கேட்டார். முதல் வருடமே காஸ் அடுப்பும் பெரிய பானையும் தவம் அண்ணை ஓட்டும் பஸ்ஸில் ஏறின. பயறு, அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உப்பு. அடுத்த வருடம் இரண்டு கதிரைகள். அதற்கு அடுத்த வருடம் எட்டுக் கதிரைகளும் தகரப் பீப்பா ஒன்றில் நெருப்பும். எங்கள் நிலையத்தின் பெயர் காடு முழுக்கப் பரவியது. மூன்றாம் நிலையத்தில் ஒன்றும் தொடாமல், எங்களிடம் வந்து சாப்பிடுவதற்காகப் பசியை மிச்சம் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

குப்பை அறையில் கிடந்த ஸ்கீ

ஜசிந்தா மன்னார்க்காரர். ரொறன்ரோவில் மாடிக் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருக்கிறார். ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. அப்போது நாற்பத்தெட்டு வயதிருக்கும்.

நானும் வந்த புதிதில் அந்தக் கோபுரங்களில் ஒன்றில்தான் இருந்தேன். ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் அரிசி மூட்டையை முறை வைத்துத் தூக்கினோம். அந்தக் கட்டடங்களின் குப்பை அறைகளில் எல்லாம் கிடைக்கும். என் முதல் மேசை, முதல் விளக்கு இரண்டும் அங்கே எடுத்தவை. அந்த மேசையில் இருந்துதான் இங்குள்ள பத்திரிகைக்கு முதல் செய்தி எழுதினேன்.

ஜசிந்தாவுக்குக் கிடைத்தது ஒரு சோடி ஸ்கீ. கோல்களும் சப்பாத்தும் சேர்த்து யாரோ சுவரில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"சப்பாத்து ஒரு சைஸ் பெரிசு. ரெண்டு காலுறை போட்டன், சரி வந்திட்டுது. சரி வந்தா விடலாமே?" என்று எங்களிடம் சொன்னார்.

ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவில், விடிகாலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பழகினார். விழுந்தார். எழும்பினார். அடுத்த குளிர்காலம் பத்துக் கிலோமீற்றர் போனார். பிறகு இந்தப் போட்டி.

போட்டியில் ஒரு கடுமையான விதி உண்டு. நாற்பத்திரண்டாவது கிலோமீற்றரில் இருக்கும் ஐந்தாம் நிலையத்தை பிற்பகல் இரண்டரை மணிக்குள் கடக்கவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நெஞ்சு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வான் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இருட்டிய பின் காட்டுக்குள் ஆளைத் தேடித் திரியாமல் இருப்பதற்கான விதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் நிலையத்தைக் கடந்துவிட்டால் பிறகு ஒருவரும் மறிக்கமாட்டார்கள். கடைசி ஆள் வரும்வரை முடிவுக் கோட்டில், வந்து சேருபவருக்கு மணி அடிக்க ஆட்கள் நிற்பார்கள்.

ஜசிந்தா அதற்கு முன் இரண்டு தரம் வந்து, இரண்டு தரமும் வானில் போனவர். முதல் தரம் நாற்பது நிமிடம் பிந்தினார். இரண்டாம் தரம் பதினெட்டு. அந்த மூன்றாம் வருடம் எங்கள் நிலையத்துக்கு 1.04க்கு வந்தபோது, அவர் கையில் நேரம் இருந்தது.

அந்த நேரத்தை எங்கள் கதிரை தின்றது. அவர் புறப்பட்டது 1.21க்கு. குளிர்ந்து இறுகிய காலோடு, பலகைக்கு அடியில் பனி ஒட்டிப் பிடிக்க, முதல் ஏற்றத்தில் இரண்டு தரம் தடுமாறினார். ஐந்தாம் நிலையத்துக்குப் போன நேரம் 2.36.

ஆறு நிமிடம்.

இரண்டாவது பத்தி

போட்டியை நடத்துபவர்கள் எங்களிடம் கேட்டது வந்த நேரத்தை மட்டும்தான். புறப்பட்ட நேரத்துக்கு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு இரண்டாவது பத்தியைச் சேர்த்தவன் நான். யாரும் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு சம்பவம்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்த முதல் மாதம், மரதன் ஓட்டம் ஒன்றைப் பார்த்து எழுத அனுப்பினார்கள். ஒரு சந்தியில் நின்றேன். முன்னால் வந்தவர் இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் நேரே போனார். அங்கே பொலிஸ்காரர் இல்லை, கொடி பிடிக்கிறவரும் இல்லை. நான் மட்டும் நின்றேன். கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தேன். இரண்டாவதாக வந்தவர் சரியாகத் திரும்பி வென்றார்.

தவறு நடந்த இடமும் நேரமும் வேறு எந்தப் பத்திரிகையிலும் இல்லை. செய்தி ஆசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் அதைப் பெருமையாகவே நெடுநாள் வைத்திருந்தேன். வழி தவறியவரின் பெயரைக் கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை.

ஸ்கீ போட்டி முடிந்து ஒரு கிழமையில், தாளை மார்கிரட்டுக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்கள் நிலையத்தைத்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது," என்றார். தாள் புரளும் சத்தம் கேட்டது. "அங்கே இருந்துவிட்டுப் போனவர்களில் ஒன்பது பேரை ஐந்தாம் நிலையத்தில் நிறுத்தினோம். உங்கள் இரண்டாவது பத்தி இல்லாவிட்டால் எங்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது."

ஒன்பது பேரையும் நான் பார்த்திருந்தேன். ஒன்பது கட்டங்களையும் நான்தான் நிரப்பியிருந்தேன்.

ஒரு பலகையில் 'இரண்டு நிமிடம் மட்டும்' என்று எழுதி வைக்கலாமா என்று மார்கிரட் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தட்டை இழுக்கிற வேலை

தாளை எடுத்துக்கொண்டு தவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். கமலா அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். 217இல் விரல் நின்றது.

"பதினேழு நிமிசமோ?"

"ஓம் அக்கா."

"நீர் பக்கத்திலதானே நிண்டனீர்?"

"ஓம்."

"வாயில என்ன வைச்சிருந்தனீர்?"

தவம் அண்ணை இடையில் புகுந்தார். "அவர் பேப்பர்க்காரர். வீடு எரிஞ்சாலும் எத்தினை மணிக்கு எரிஞ்சதெண்டு எழுதிப்போட்டுத்தான் தண்ணி எடுப்பார்."

கமலா அக்கா சிரிக்கவில்லை. பலகை விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வந்த சனத்தின்ர முகத்துக்கு நேர நேரத்தை எழுதி ஒட்டுறதோ? இருக்கச் சொல்லாமச் சாப்பாடு குடுக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்? இருபத்தைஞ்சு வருசம் தட்டை இழுத்தன் தம்பி. இங்கயும் இழுக்கச் சொல்லுறீரோ?"

எழும்பி உள்ளே போய்விட்டார். நான் தாளை மடித்தேன்.

மூன்றாம் நாள் அவரே தொலைபேசி எடுத்தார். "அந்தப் பிள்ளையைப் போய்ப் பாக்கவேணும். கூட்டிக்கொண்டு போம்."

பஸ்ஸும் சப்வேயுமாக சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனோம். கமலா அக்கா வழி முழுக்கச் சொல்லவேண்டியதை மனத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்தது தெரிந்தது. பதினேழாம் மாடியில் கதவு திறந்தது.

"ஐயோ அக்கா! வாங்கோ, வாங்கோ. முதல்ல இருங்கோ."

இருந்தோம். தேத்தண்ணி வந்தது. வாய்ப்பன் வந்தது. போதும் என்றோம், மீன் கட்லற் வந்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்க வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு வந்தது. வந்த காரியத்தைச் சொல்லி முடிக்க ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. அதையும் நான் குறித்திருக்கிறேன்.

"உங்களில என்ன பிழை? எழும்பிப் போக எனக்குக் கால் இல்லையே?" என்றார் ஜசிந்தா. பிறகு, சாதாரணமாக, "வாற வருசம்தான் கடைசி," என்றார். முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் ஒப்பரேசன். அதற்குப் பிறகு பூங்காவைச் சுற்றி வரலாம், ஐம்பது கிலோமீற்றரை மறந்துவிடு என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு ஒருக்கா அந்த மணிச் சத்தம் கேட்டாக் காணும். மூண்டு தரமும் வானுக்குள்ள ஹீற்றர் சத்தம்தான் கேட்டனான்."

திரும்பி வரும்போது சப்வேயில் எங்கள் தரிப்பு நெருங்கியதும் கமலா அக்கா சொன்னார்.

"பலகையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கதிரையை விட்டிட்டுப் போவம்."

"எங்களுக்கும் இல்லையா அக்கா? ஆறு மணித்தியாலம் நிக்கவேணும்."

"எங்களுக்கெண்டு ஒண்டு கொண்டுபோனாலும் நான் அதைத் தூக்கிக் குடுத்திடுவன். என்னை எனக்குத் தெரியும்."

எழுபத்தெட்டு நிமிடம்

அடுத்த பெப்ரவரியில் பஸ்ஸில் பானை ஏறியது, அடுப்பு ஏறியது, பீப்பா ஏறவில்லை. எட்டுக் கதிரைகளும் மல்வேர்னில் தவம் அண்ணையின் நிலவறையில் கிடந்தன.

முதல் நாள் புதுப்பனி கொட்டியிருந்தது. பாதை கனத்தது. வந்தவர்கள் எல்லோரும் வழக்கத்தை விடப் பிந்தியே வந்தார்கள். கமலா அக்கா கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, குடிக்கிற சூட்டுக்கு ஆற்றி, பாதையின் ஓரத்துக்கே கொண்டுபோய் நின்றார். பழைய ஆட்கள் கதிரையைத் தேடினார்கள். ஒரு தாடிக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். கமலா அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கதிரைகளுக்குச் சுகமில்லை என்றார்.

ஒவ்வொருவரும் போகும்போது அவருடைய கை, "இரு" என்று சொல்லப் பாதி எழும்பிப் பிறகு தாழ்ந்தது.

ஜசிந்தா 1.11க்கு வந்தார். முந்திய வருடத்தை விட ஏழு நிமிடம் பிந்தி. இடது காலை இழுத்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அக்கா, கதிரை எங்க?"

"இல்லை. குடி."

"ஒரு நிமிசம் அக்கா. உந்தத் தோடம்பழப் பெட்டியில இருந்திட்டு எழும்புறன். கால் விண் விண்ணெண்டு குத்துது."

கமலா அக்கா பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். ஐந்தடி உயரம். பழைய மேற்சட்டை. கண் கலங்கியிருந்தது, குளிரும் காரணமாக இருக்கலாம்.

"உதில இருந்தியோ, எழும்பமாட்டாய். நட பிள்ளை. நடந்துகொண்டு குடி."

ஜசிந்தா என்னைப் பார்த்தார். நான் அட்டையைக் கீழே இறக்கினேன்.

"ஒண்டு பன்னிரண்டு," என்றேன். "ரெண்டரைக்கு எழுபத்தெட்டு நிமிசம் இருக்கு. போன முறை உமக்கு எழுபத்தைஞ்சுதான் எடுத்தது. நிக்காதேயும், போம்!"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தவம் அண்ணை பஸ்ஸுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

ஜசிந்தா கோலை ஊன்றினார். கமலா அக்கா முழங்காலளவு பனியில், கையில் கிண்ணத்தோடு பாதையோரமாக இருபது முப்பது அடி கூடவே ஓடினார். ஜசிந்தா ஒரு வாய் குடித்தார், தள்ளினார், இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிண்ணம் கமலா அக்காவின் கையில் இருந்தது; ஜசிந்தா மரங்களுக்கிடையில் மறைந்துவிட்டார்.

வோக்கி ரோக்கி

உணவு நிலையங்களில் நிற்பவர்கள் முடிவுக் கோட்டைப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர் போட்டியை முடித்ததை நான் கண்ணால் கண்டதில்லை. ஐந்தாம் நிலையத்தைக் கடப்பவர்களின் இலக்கங்களை வோக்கி ரோக்கியில் வாசிப்பார்கள். எங்களுக்கு அவ்வளவுதான்.

இரண்டு மணி தாண்டியது. நாங்கள் பானையைக் கழுவினோம். 188 போனார். 240 போனார். 2.20. கமலா அக்கா கழுவிய பானையை மறுபடி கழுவினார். 2.25. பெயர் தெரியாத ஒரு குரல் 203 என்றது.

2.28க்கு அதே குரல் 217 என்றது.

ஒரு மூன்று நிமிடம் பெட்டியில் இருந்திருந்தால் வான்தான்.

தவம் அண்ணை கைதட்டினார். "சரி, ஏறுங்கோ. வெளிக்கிடுவம்."

"இன்னும் முடியேல்லை," என்றார் கமலா அக்கா. "எட்டுக் கிலோமீற்றர் கிடக்கு."

"அது அவள் போவாள். இனி ஒருத்தரும் மறிக்கமாட்டினம்."

"போகட்டும். கேட்டிட்டு வாறன்."

சாமான்கள் எல்லாம் பஸ்ஸில் ஏறிவிட்டன. தோடம்பழப் பெட்டியும் ஏறிவிட்டது. மற்ற ஐந்து பேரும் உள்ளே சூட்டில் இருந்தார்கள். கமலா அக்கா காலையில் நின்ற அதே இடத்தில், வோக்கி ரோக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். மரங்களின் நிழல் பாதையைக் கடந்து மறுபக்கம் ஏறியது. கால் விரல்களை நான் உணரவில்லை.

நாலு மணிக்குக் கிட்டத்தட்ட மார்கிரட்டின் குரல் வந்தது. நான்காம் நிலையம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொன்னார் கமலா அக்கா. "217," என்றார் மார்கிரட். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கையை வெளியே நீட்டியிருக்கவேண்டும். கரகரப்புக்கு நடுவில் மணிச் சத்தம் கேட்டது.

கமலா அக்கா வோக்கி ரோக்கியை என்னிடம் தந்தார். பின்னால் திரும்பிக் கையால் தடவினார். கதிரைகள் வழக்கமாக இருக்கும் இடம். பிறகு நின்ற இடத்திலேயே, பனியில், பொத்தென்று இருந்துவிட்டார்.

தவம் அண்ணை பஸ் ஜன்னலைத் திறந்தார்.

"இஞ்சேரும், வாறீரோ? இல்லாட்டி உதிலயே இருக்கப் போறீரோ?"

"இருக்கிறன்," என்றார் கமலா அக்கா. "கொஞ்சம் இருக்க விடுங்கோ."